நாலாவது ஆள்

ஒரே மாடு இரண்டு மாடாக நிற்கிற படத்தைக் கந்தையா பார்த்திருக்காவிட்டால், இந்த வேலை மாக்கிறேற்றின் தலையில் வந்து விழுந்திருக்காது.

அந்தப் படத்தை அவள் அவருக்குக் காட்ட நினைக்கவேயில்லை. பட்டணத்து ஸ்ரூடியோவிலிருந்து வந்த உறையைத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கழுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பால் கொண்டுவந்த கந்தையா உறையைத் தூக்கி, கேளாமலே பிரித்து, படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"உது என்ர சிவப்பியெல்லே?"

"ஓம் அண்ணை."

"இஞ்சால நிக்கிறதும் சிவப்பி. கொம்பு முறிஞ்ச அதே சிவப்பி." அவர் படத்தைத் திருப்பி முதுகையும் பார்த்தார். "மற்றதை நான் எப்ப வாங்கினனான், பிள்ளை?"

மகனின் பயணத்துக்காக மாட்டுப்பட்டியில் முக்கால்வாசியையும் விற்றபின் அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார். படத்தை மடிக்குள் வைத்துக்கொண்டு, மனைவி அருளம்மாவுக்குக் காட்டிவிட்டுத் தருவதாகச் சொல்லிக் கல்வேலிக்கு அப்பால் போனார். நெடுந்தீவில் வேலி என்பது ஆளின் நெஞ்சளவுக்கு அடுக்கிய முருகைக்கல்தான், கடலில் விளைகிற பவளக்கல். அந்தப் பக்கம் சிரிப்பது இந்தப் பக்கம் கேட்கும். அருளம்மாவின் சிரிப்பும் கேட்டது.  பிறகு, மூக்கைச் சிந்துகிற சத்தம்.

மாக்கிறேற் மெசினை மிதித்தாள். முழங்கால் வலித்தது. புதுவருசம் பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கினால் அவளுக்குக் கண்ணும் காலும் போய்விடும். வெள்ளைத் துணி, வெள்ளை நூல், வெள்ளைத் தையல். பின்னேரம் எழும்பி வெளியே வந்தால் உலகமே வெள்ளையாகத் தெரியும்.

கமரா அவளுடைய தமையன் குருசுமுத்து கப்பலில் போன காலத்தில் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண் உள்ள பெட்டி. மேலேயிருந்து குனிந்து பார்க்கவேண்டும். பார்த்தால் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். "உதோட மல்லுக்கட்ட எனக்கு ஏலாது" என்று சொல்லி, அதையும் அதன் மூன்றுகால் தாங்கியையும் அவளிடம் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். அவள் சுருள் சுருளாகப் பழுதாக்கித்தான் பழகினாள்.

பழகி முடிந்த நேரம் பார்த்து எண்பத்துமூன்றுக் கலவரம் வந்தது. கொழும்பிலிருந்து ஓடிவந்தவர்கள் ஒருபக்கம், தீவை விட்டுப் போகிறவர்கள் ஒருபக்கம். போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு படம் வேண்டும். பட்டணத்துக்குப் போய் எடுக்க வழியில்லாதவர்கள் அவளிடம் வந்தார்கள். கதிரையில் இருந்தார்கள், கையைத் தொடைமேல் வைத்தார்கள், மூச்சைப் பிடித்தார்கள். எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் போனார்கள். மூன்று வருசமாக இதே கதை. கடைசியில் கமராவுக்குள் குனிந்து பார்த்தால் எந்த முகமும் ஏற்கெனவே போய்விட்ட முகமாகவே அவளுக்குத் தெரிந்தது. முகம் பார்ப்பது அலுத்துப்போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவள் கல்லையும் கடலையும் எடுக்கத் தொடங்கினாள். இனிப்புச் சுற்றி வருகிற சிவப்புக் கண்ணாடித்தாளை லென்ஸுக்கு முன்னால் பிடித்தால், கறுப்புவெள்ளைப் படத்தில் வானம் மழைக்கு இருட்டியதுபோல் வரும் என்று கண்டுபிடித்தாள். கண்ணாடித் துண்டில் வாசலின் பூசிப் பிடித்தால் கோயில் மெழுகுதிரி பஞ்சுப் பூப்போல விரியும். ஒருநாள் இருட்டப்போகிற மம்மல் பொழுதில் மாவிலித்துறையில் தாங்கியை ஊன்றி, கமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்தாள். அலை எல்லாம் புகையாகிவிட்டது. ஆச்சரியம் அதுவல்ல. துறையில் அவ்வளவு சனம் ஏறி இறங்கி நடந்தது, படத்தில் ஒருவரும் இல்லை. துறைக் கட்டின்மேல் அசையாமல் குந்தியிருந்த ஒரு கிழவர் மட்டும் தெளிவாக இருந்தார்.

"கோயிலடியில ஒரு குடும்பப் படம் எடுக்க அலுப்பாம், கல்லை எடுக்கிறதுக்கு அலுப்பில்லையாம்" என்று தாய் செபஸ்தியம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள். "கல்லு எங்கையும் போகாது அம்மா, கடுதாசி போடு எண்டு கேக்கத் தேவையில்லை" என்று ஒருதரம் மாக்கிறேற் சொன்னாள். அதற்குப் பிறகு தாய் அதைப்பற்றிப் பேசவில்லை.

மாட்டுப் படம் அவளுடைய ஆகப் புதிய விளையாட்டு. சின்ன மருந்துத் தகரப்பேணியின் மூடியில் பாதியை வெட்டி, உட்பக்கம் விளக்குக்கரி பூசி, லென்ஸின்மேல் மாட்டினாள். மூடிய பாதியில் வெளிச்சம் விழாது. திறந்த பாதியால் மாட்டை எடுத்தாள். பிலிமைச் சுற்றவில்லை. மாட்டை மரத்தின் மற்றப் பக்கம் கட்டி, மூடியைத் திருப்பி, அதே கட்டத்தில் மறுபாதியையும் எடுத்தாள். கமரா அசையக்கூடாது, வெளிச்சம் மாறக்கூடாது, அவ்வளவுதான். முதல்தரம் அனுப்பியபோது ஸ்ரூடியோக்காரர் பிலிம் சிக்கிப் பழுதாகிவிட்டதென்று எண்ணி அந்தக் கட்டத்தை அச்சிடவேயில்லை. இரண்டாம்தரம் சுருளின்மேல் 'பிழையல்ல, இப்படித்தான் வேண்டும்' என்று எழுதி ஒட்டி அனுப்பினாள். அப்படி வந்த படம்தான் இது.

அடுத்தநாள் காலை அருளம்மா படத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாக்கிறேற், உமக்கு வேலை கூட எண்டு தெரியும்."

"சொல்லுங்கோ அருளக்கா."

"எங்கட புவனேந்திரன் வாற கிழமை வெளிநாட்டுக்குப் போறான். அவனோட நாங்கள் ரெண்டுபேரும் நிண்டு ஒரு படமில்லை. ஒண்டுகூட இல்லை."

காரணம் மாக்கிறேற்றுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்று பேராக நின்று படம் எடுக்கக்கூடாது என்பது பொதுவான பேச்சுத்தான். எல்லோரும் சொல்வார்கள், பாதிப்பேர் மறந்து எடுத்தும் விடுவார்கள். கந்தையா மறக்கமாட்டார். இளவயதில் அவரும் தம்பியும் சிநேகிதன் ஒருவனுமாகப் பட்டணத்தில் படம் எடுத்தார்கள். அந்த வருசக் கச்சான் காற்றில் தம்பி கடலோடு போனான். அன்றிலிருந்து 'மூண்டு' என்றால் அவருக்கு ஆகாது. மூன்று பேராய் வழிப்பயணம் போகமாட்டார். மூன்று தோசை தட்டில் வைத்தால் ஒன்றைப் பிய்த்து நாலாக்குவார்.

"வேற ஆரையும் சேத்து எடுக்கலாமே அக்கா. அப்புத்துரை அண்ணையை நிப்பாட்டினால்..."

"என்ர தமையன்தான். ஆனாலும் அவனைச் சேத்தால் அது எங்கட படமோ?" அருளம்மா மாட்டுப் படத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள். "உந்த மாட்டை ரெண்டாக்கின மாதிரி என்ர பிள்ளையை ரெண்டாக்க ஏலாதோ? தேப்பனுக்குப் பக்கத்தில ஒருத்தன், எனக்குப் பக்கத்தில ஒருத்தன். நாலு தலை வரும். இந்த மனுசனும் வாய் திறக்காது."

மாக்கிறேற் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுழையவில்லை.

"ஒருத்தன் போகட்டும்" என்றாள் அருளம்மா, "ஒருத்தன் நிக்கட்டும்."

இனி முகம் எடுப்பதில்லை என்று தனக்குள் சொல்லி வைத்திருந்த அவ்வளவும் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. ஓம் என்றாள். பிறகுதான் கமராவில் ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருப்பது நினைவுக்கு வந்தது. பட்டணத்தில் பிலிம் முடிந்து மாதக்கணக்காகிறது. கொழும்பிலிருந்து லொறி வந்தால்தான் உண்டு. ஒரு கட்டம், பிழைத்தால் இன்னொன்று இல்லை.

கந்தையா சம்மதிக்க ஒருநாள் எடுத்தது. வாசல் படலையடியில் நின்று கேள்வி கேட்டார்.

"அப்ப படத்தில மெய்யாவே நாலு தலை தெரியுமோ?"

"தெரியும் அண்ணை."

"கமராவுக்கு முன்னால மூண்டுபேரும் ஒரே நேரத்தில நிக்கிறதில்லை?"

"இல்லை. முதல் ரெண்டு பேர். பிறகு ரெண்டு பேர்."

"சரி. அந்தத் தாங்கிக்கு மட்டும் ஏன் மூண்டு கால்?"

"அண்ணை!"

"கேட்டனான், அவ்வளவுதான். வேதக்காரிக்கு உதெல்லாம் விளங்காது." என்றாலும் முகத்தில் ஒரு இளக்கம் இருந்தது.

பயணநாள் அவரே பார்த்துக் குறித்தது. பின்னேரப் போட்டில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து பட்டணம், பிறகு கொழும்பு, பிறகு ஏஜென்சிக்காரன் கொண்டுபோகிற இடம். மாமன் அப்புத்துரை கொழும்புவரைக்கும் கூடப் போவார். துறைவரைக்கும்கூடக் கந்தையா போகப் போவதில்லை. போனால் மூன்று பேர்.

மதியத்துக்கு முன் மாக்கிறேற் தாங்கியைத் தூக்கிக்கொண்டு போனாள். முதல்நாள் முழுக்கப் பொத்தான்துளை தைத்த கை, மரத்துப்போய்த் திருகாணியை முறுக்கவே கஷ்டப்பட்டது. கல்வேலிக்கு முன்னால் கதிரை இரண்டையும் இடைவெளி விட்டு வைத்தாள். கந்தையாவின் கதிரைக்குப் பின்னால் ஒரு தட்டைக்கல், அருளம்மாவின் கதிரைக்குப் பின்னால் ஒரு தட்டைக்கல். புவனேந்திரன் முதலில் இந்தக் கல்லில் நிற்கவேண்டும், பிறகு அந்தக் கல்லில். கதிரைகளுக்கு நடுவே, மூடியின் விளிம்பு விழுகிற இடத்தில் வெறும் வேலி மட்டும் இருக்கவேண்டும்.

புவனேந்திரன் வந்தான். புதுச் சேட்டு, புதுச் சப்பாத்து. இருபது வயது. காலையிலிருந்து யாரோடும் பேசவில்லையாம். கல்லில் ஏறி நின்று பார்த்தான்.

"மாக்கிறேற்றக்கா, ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சிரிக்கவேணுமோ, இல்லாட்டி ஒருத்தன் சிரிச்சு ஒருத்தன் அழட்டோ?"

"நீர் முதல் நேரா நில்லும்."

"எந்தத் தலைக்கு அம்மா திருநீறு பூசிறா?"

"வாயை மூடு" என்றாள் அருளம்மா. நல்ல சேலை உடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, தன் கதிரையில் ஏற்கெனவே இருந்துவிட்டாள்.

வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் தெற்கே முகில் ஏறிக்கொண்டிருந்தது. "கெதியா எடுக்கவேணும். முதல் ஆர்? அம்மாவும் மகனுமோ?" என்று மாக்கிறேற் கேட்டாள்.

"வீட்டுக்காரன் முதல்" என்றார் கந்தையா.

அருளம்மா எழும்பிக் கமராவுக்குப் பின்னால் வந்து நின்றாள். வழமைபோல விட்டுக்கொடுத்தாள். அந்த ஒரு சின்ன விட்டுக்கொடுப்பை மாக்கிறேற் அதற்குப் பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள்.

கந்தையா சால்வையைச் சரிசெய்துகொண்டு இருந்தார். மகன் பின்னால் கல்லில் நின்றான். கமராவுக்குள் அவர்கள் பக்கம் மாறித் தெரிந்தார்கள். அவள் மனத்துக்குள் இடத்தை வலமாக்கி, மூடியைச் சரிபார்த்தாள். மூச்சைப் பிடித்தாள். விசை 'கிளிக்' என்றது.

"முடிஞ்சுதோ?"

"பாதி முடிஞ்சுது. ஆரும் தாங்கியில முட்டவேண்டாம். அருளக்கா, வாங்கோ."

அவள் மூடியைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் ஒழுங்கையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. துறையில் போட்டுக்கு மூட்டை ஏற்றுகிற இலட்சுமணன் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி படலைக்கு வெளியே நின்று கத்தினான்.

"கந்தையா அண்ணை! நேவி கடலை மறிக்கப் போகுதாம். பின்னேரப் போட் இல்லை. நிக்கிற போட் இப்பவே வெளிக்கிடுது. அப்புத்துரை அண்ணை ஏறியிட்டார். பெடியனைக் கெதியா வரட்டாம்!"

என்ன நடந்தது என்று மாக்கிறேற் பிறகு யோசித்தால், எல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததுபோல இருக்கும். கந்தையா எழும்பினார். அருளம்மா கதிரைக்குப் பாதிவழியில் நின்றாள். புவனேந்திரன் கல்லிலிருந்து குதித்து, வாசற்படியில் வைத்திருந்த, உடுப்பு அடைத்த பாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படலைக்கு வெளியே ஓடினான். "இதைக் கரியரில கட்டு இலட்சுமணன், ஒரு நிமிசம், படம் எடுத்திட்டு வாறன்" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பாக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். படலையில் கை வைத்தான்.

"நில்!" என்றார் கந்தையா.

அவன் நின்றான்.

"பாக்கோட படலை தாண்டியிட்டாய். பயணத்துக்குக் கால் வைச்சாச்சு. திரும்பி உள்ளுக்கு வரப்பிடாது."

"அப்பா, அந்தக் கல்லில ஒருக்கா ஏறி நிண்டிட்டு..."

"வரப்பிடாது எண்டெல்லே சொல்லுறன்!"

"ஐயோ, அவன் பாக்கைக் குடுக்கத்தானே போனவன்!" அருளம்மாவின் குரல் உடைந்தது. "அதுவும் ஒரு பயணமே? உங்களுக்கு என்ன விசரே?"

கந்தையா படலையடிக்கு வந்து நின்றார். அவர் முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. மகன் போகப்போவது கடலில். அந்தக் கடலைப்பற்றி அவருக்குத் தெரிந்தது போதும்.

கமராவை வெளியே கொண்டுபோகலாமா என்று மாக்கிறேற் ஒரு கணம் நினைத்தாள். தாங்கியைத் தூக்கினால் இரண்டு பாதியும் பொருந்தாது. தகப்பனின் தோளில் தாயின் தலை முளைக்கும். அதற்கும் நேரமில்லை. இலட்சுமணன் விடாமல் மணி அடித்தான்.

அருளம்மா படலைக்கு ஓடினாள். திறக்கவில்லை. மேலால் கையை நீட்டி மகனின் முகத்தைப் பிடித்தாள். மடியிலிருந்து திருநீறு எடுத்துப் பூசினாள். அவன் குனிந்தான். புதுச் சேட்டில் தூள் கொட்டியது.

"அம்மா, நீங்கள் போய்க் கதிரையில இருங்கோ. அக்கா எடுக்கட்டும்." அவன் தகப்பனைப் பார்த்தான். "போயிட்டு வாறன் அப்பா."

கந்தையா தலையை ஆட்டினார். சைக்கிள் திரும்பியது. கரியரில் பாக்கும் அதன்மேல் அவனுமாக, முருகைக்கல் வேலிக்கு மேலால் ஒரு தலை கொஞ்சத்தூரம் போவது தெரிந்தது. பிறகு வேலி மட்டும் தெரிந்தது.

சிவப்பி எங்கோ கத்தியது. தெற்கிலிருந்து வந்த முகில் முற்றத்தை மூடியது. மாக்கிறேற்றுக்குக் கை வலித்தது. இதையெல்லாம் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் கமராவுக்குள் பாதிக் கட்டம் இருந்தது. பாதியில் தகப்பனும் மகனும், மற்றப் பாதி வெறும் இருட்டு.

அருளம்மா வந்து கதிரையில் இருந்தாள். 

"என்னை எடும் மாக்கிறேற்."

"அக்கா..."

"பிள்ளையும் நானும் ஒரே படத்தில. அது போதும் எனக்கு."

"மூண்டு பேர்!" என்றார் கந்தையா படலையடியிலிருந்து, திரும்பாமலே. "அவன் கடலில நிக்கிறான். இஞ்ச நீங்கள் ரெண்டு பொம்பிளையளும் மூண்டுபேர்ப் படம் எடுக்கப் போறியளோ?"

அருளம்மா மகன் போன பக்கம் பார்த்தாள். அந்தப் பயம் அவளுக்குள்ளும் இருந்ததென்று மாக்கிறேற்றுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். எடும் என்று மறுபடி சொல்லவில்லை. எடுக்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தானே போய் அந்தக் கல்லில் நிற்கலாம் என்று மாக்கிறேற் நினைத்தாள். விசையை அழுத்த யாரையாவது கூப்பிடலாம். ஆனால் அது எங்கட படமோ என்று அருளம்மா கேட்பாள். கேட்காவிட்டாலும் நினைப்பாள். மாக்கிறேற் மூடியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.  இனி எடுக்காவிட்டால் பிலிமைச் சுற்றி எடுத்துவிடவேண்டியதுதான். ஸ்ரூடியோக்காரர் இம்முறை மெய்யாகவே பிழையான படம் என்று எறிவார்.

கந்தையா படலையை விட்டுத் திரும்பினார். முற்றத்தைக் குறுக்காக நடந்து வந்தார். அவர் கமராவுக்கு முன்னால் போகிறாரா, வீட்டுக்குள் போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கதிரையைத் தாண்டினார். அருளம்மாவின் கதிரைக்குப் பின்னால் போய், தட்டைக்கல்லைக் காலால் தடவிப் பார்த்து, அதன்மேல் ஏறி நின்றார்.

"எடும்" என்றார். 

மாக்கிறேற்றுக்கு முதலில் விளங்கவில்லை. "அண்ணை, நீங்கள் மற்றப் பாதியிலயும் இருக்கிறியள்."

"தெரியும். மாட்டை ரெண்டாக்கினனீர்தானே. என்னையும் ஆக்கும்."

அருளம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"முன்னால பார்" என்றார் அவர். "நிக்கிறதுக்கும் ஒருத்தன் வேணுமெண்டு நீதானே சொன்னனீ."

முகிலால் வெளிச்சம் குறைந்திருந்தது. அதற்கு ஏற்றபடி கமராவின் கண்ணை இன்னும் அகலத் திறக்கவேண்டும். மாக்கிறேற் வளையத்தைத் திருப்பினாள், போதுமோ தெரியாது. குனிந்தாள். கமராவுக்குள் அருளம்மா சிறியவளாக, இடம் வலம் மாறி, கண்ணைத் துடைக்காமல் இருந்தாள். அவளுக்குப் பின்னால், மகன் நிற்கவேண்டிய இடத்தில், கதிரையின் முதுகைப் பிடித்தபடி ஒரு வயதுபோன மனிதர். விசையை அழுத்தினாள்.

"முடிஞ்சுது."

"அசையலாமோ?"

"ஓம் அண்ணை, அசையலாம்."

அவர் உடனே இறங்கவில்லை.

போட் கரை சேர்ந்தது என்று மறுநாள் செய்தி வந்தது. புவனேந்திரன் கொழும்பு சேர்ந்தான் என்று அப்புத்துரை திரும்பி வந்து சொன்னார். அதற்குப் பிறகு செய்தியில்லை. சுருள் போகவும் படம் வரவும் பங்குனி முடிந்துவிட்டது. கடல் மறிப்பு, போட் இல்லாத நாள், ஸ்ரூடியோவில் கரண்ட் இல்லாத நாள் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. 'பிழையல்ல' என்று எழுதி ஒட்டியதை ஸ்ரூடியோக்காரர் கவனித்திருந்தார். இரண்டு பிரதி அனுப்பியிருந்தார்.

மாக்கிறேற் உறையைப் பிரிக்காமலே கல்வேலிக்கு மேலால் நீட்டினாள். பார்க்கப் பயமாக இருந்தது. அருளம்மா மாட்டுக்கு வைக்கோல் போட்ட கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

வெளிச்சம் பொருந்தவில்லை. மாக்கிறேற் பயந்தது அதைத்தான். ஒரு பாதி வெயிலில் இருந்தது. கந்தையாவின் சால்வை பளிச்சென்று, மகன் கண்ணைச் சுருக்கி, சிரிப்பைத் தொடங்கி முடிக்காமல் நின்றான். மற்றப் பாதி முகில் மப்பில் இருந்தது. ஒரே முற்றத்தில் இரண்டு நாள் போல. நடுவில் வேலிக்கல்லின் குறுக்கே புகைபோல ஒரு கோடு. வெயிலில் இருக்கிற கந்தையா கமராவைப் பார்த்தார். மப்பில் நிற்கிற கந்தையா படலையைப் பார்த்தார்.

கந்தையாவும் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். விரலால் தலைகளைத் தொட்டுக்கொண்டு போனார். "நாலு" என்றார். "ஒரு பிழையுமில்லை."

"ஒரு மனுசனோட இருக்கவே ஏலாமல் கிடக்கு" என்றாள் அருளம்மா. "ரெண்டைத் தந்திருக்கிறீர் மாக்கிறேற்."

"எதை வைச்சிருக்கப் போறியள் அக்கா?"

அவள் யோசித்தாள். "நிக்கிறதை" என்றாள். "இருக்கிறதால எனக்கு ஒரு பிரியோசனமும் இல்லை." கந்தையா 'க்கும்' என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சிவப்பியிடம் போனார்.

அருளம்மா ஒரு படத்தை எடுத்துக்கொண்டு மற்றதை நீட்டினாள். "இது அவனுக்கு. விலாசம் வந்தவுடன அனுப்புவம். எங்கட வீட்டில கிடந்தால் நான் எடுத்து எடுத்துப் பாத்துப் பழுதாக்கிப் போடுவன். நீர் வைச்சிரும்."

மாக்கிறேற் வாங்கிக்கொண்டு வந்தாள். கமரா அலுமாரிக்கு மேலே வெறுமையாக இருந்தது. பிலிம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கோயில் திருநாளுக்குத் தைக்கவேண்டிய சட்டைத்துணி மெசினில் கிடந்தது. படத்தை உறையோடு மெசின் லாச்சிக்குள் வைத்து, மேலே நூல்கட்டைகளை அடுக்கினாள். நூல் எடுக்க லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் உறையின் ஒரு மூலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே, வேலிக்கு அப்பால் தபால்காரனின் சைக்கிள் நிற்கிறதா, போகிறதா என்று காதைக் கொடுப்பாள்.

போகும். மாக்கிறேற் லாச்சியைத் தள்ளி மூடிவிட்டு மெசினை மிதிப்பாள்.